கோதுமைக் குவியல்களுக்கு நடுவே: பஞ்சாப் பயணக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 16, லூதியானா

பஞ்சாப் என்றால் கோதுமை என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தாயிற்று. லூதியானாவில் இறங்கினால் கண்ணில் படுவது சைக்கிளும் கம்பளி ஆடையும். திரும்பிய சந்தெல்லாம் பின்னலாடைப் பட்டறை, உதிரிபாகக் கடை, லேத் சத்தம். நூல் வணிகத்துக்காகத் திருப்பூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவர்தான் இந்தப் பயணத்தில் எனக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். "வயலில் விளைந்த பணம் எங்கே போயிற்று என்று கேட்டீர்களே அண்ணே, கொஞ்சம் இந்தச் சந்துகளுக்குள்தான் வந்து சேர்ந்தது" என்றார்.

அதில் பாதிதான் உண்மை. பின்னலாடை இங்கே பசுமைப் புரட்சிக்கு வெகு முன்பே வேர்விட்ட தொழில். ஆனால் பம்ப்செட், கதிரடிக்கும் இயந்திரம், டிராக்டர் உதிரிபாகம் என்று பட்டறைகள் பெருகியது 1960களுக்குப் பிறகு. விவசாயி கையில் காசு புரண்டதும் முதலில் வாங்கியது இரும்பைத்தான்.

மதியம் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் போனோம். 1962இல் தொடங்கியது. வளாகத்துக்குள் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது; சிறு செங்கல் வீடு, மரக்கதவு, வெண்கலப் பாத்திரம், ராட்டை. நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட, கோதுமை ஆராய்ச்சியில் காலம் கழித்து ஓய்வுபெற்ற ஒருவருடன் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம்தான் பெரிதாகப் பட்டது.

பழைய கோதுமை நெட்டையாக வளரும். உரத்தைக் கூட்டினால் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். போட்ட உரமும் வீண், விளைந்த மணியும் வீண். அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகங்கள் சாயவில்லை. 1966இல் 18,000 டன் விதையைக் கப்பலில் வரவழைத்தார்கள். வறட்சியில் நாடு தவித்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த ஆண்டு அது. ஒரே குறை, மெக்சிகோ மணி சிவப்பு. சப்பாத்தி செய்தால் நிறம் பிடிக்கவில்லை என்று மக்கள் முகம் சுளித்தார்கள். அந்த வழியிலிருந்து வெளிர் மஞ்சள் மணி உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வந்ததுதான் கல்யாண் சோனா. பசியில் கிடக்கிற நாடும் சப்பாத்தியின் நிறம் பார்க்கும் என்பதை விஞ்ஞானிகள் மறந்துவிடாமல் இருந்தது நல்லதாயிற்று. 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. மறு விளைச்சலையே பார்க்காமல் 1968இல் அஞ்சல் தலையும் வெளியிட்டுவிட்டார்கள்.

நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் பெரியவர் சி. சுப்பிரமணியத்தின் பெயரைத்தான் முதலில் எடுத்தார். பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர், 1964இல் மத்திய உணவு அமைச்சர். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது கோதுமை விதைத்தவர். அடுத்து எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணம். "விதையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். விதை பாதிதான். விளைந்தால் வாங்குகிறோம், இந்த விலைக்கு வாங்குகிறோம் என்று அரசாங்கம் சொன்னதே, அது மறு பாதி" என்றார் பெரியவர்.

இந்திய உணவுக் கழகத்தைச் சொல்கிறார். 1965 ஜனவரியில் அது தொடங்கியபோது தலைமையகம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். இதை நான் சொன்னதும் பெரியவர் நம்பவில்லை. நண்பர் கைப்பேசியில் தேடிக் காட்டிய பிறகுதான் தலையசைத்தார். விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையம் அமைந்ததும் அதே ஆண்டு. இன்னொன்றையும் அவர் வற்புறுத்தினார்: நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்று சேர்த்து, ஆளுக்கொரு பெரிய சதுரமாகத் திருப்பித் தந்திருந்தார்கள். நாலு மூலையில் நாலு துண்டு நிலம் வைத்திருப்பவன் எந்தத் துண்டில் குழாய்க்கிணறு போடுவான்? இன்றைக்கும் பஞ்சாபில் சராசரி நில உடைமை 3.6 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75.

ஏப்ரல் 17, கன்னா

ஆசியாவிலேயே பெரிய தானிய மண்டி என்ற பெயர் கன்னாவுக்கு உண்டு. காலை ஏழு மணிக்கே டிராக்டர் டிராலிகளின் வரிசை நெடுஞ்சாலை வரை நிற்கிறது. உள்ளே கண்ணுக்கெட்டிய வரை சிமெண்டுத் தரை, அதன் மேல் கோதுமைக் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் மின்விசிறி வைத்த தூற்றும் இயந்திரம். காற்றில் உமியும் தூசியும் பறந்து சட்டைக்குள் புகுந்து அரிக்கிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளாமல் இங்கே போகாதீர்கள்.

நடைமுறை வேகமானது. டிராலி கொட்டுகிறது. தூற்றுகிறார்கள். ஆய்வாளர் வந்து ஒரு கை மணியை அளவுகருவிக்குள் போட்டு ஈரப்பதம் பார்க்கிறார்; 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெயரளவுக்கு ஏலம் கூவுகிறார்கள். 50 கிலோ சாக்குகளில் அள்ளி, எடை பார்த்து, வாய் தைத்து, லாரியில் ஏற்றுகிறார்கள். 2025 பருவத்துக்கு அரசு அறிவித்து வாங்கிய ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். காலையில் கொட்டியவர் மாலைக்குள் வெற்று டிராலியோடு வீடு திரும்புவதைப் பார்த்தேன். டெல்டாவில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொண்டேன். பொறாமையாகத்தான் இருந்தது.

இங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கிய மூட்டையை ஏற்றிப் போக லாரி வருவதில்தான் தடங்கல். ஒரு பக்கம் தைத்த மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடக்கின்றன. புதிதாக வருகிறவர் கொட்ட இடம் தேடி அலைகிறார். கிடங்கில் போன ஆண்டு அரிசியே காலியாகவில்லையாம்.

ஆர்த்தியா என்று இங்கே அழைக்கப்படும் கமிஷன் முகவர் ஒருவரின் கடையில் உட்கார்ந்தோம். தாத்தா காலத்துக் கடை. மெத்தை விரித்த திண்ணை, சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு, பக்கத்தில் கணினி. குவியலை இறக்குவது, தூற்றுவது, ஆள் வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. அதற்குக் கமிஷன் உண்டு. அது கண்ணுக்குத் தெரிகிற வருமானம். தெரியாதது கடன். விதைப்புக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகனின் விசாவுக்கு என்று விவசாயி வந்து நிற்கிற முதல் இடம் இந்தத் திண்ணை. "பாங்க் மேனேஜர் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பாரா?" என்று கேட்டார். திறக்க மாட்டார். ஆனால் வட்டியும் இந்த அளவு வாங்க மாட்டார். 2021 முதல் கொள்முதல் பணம் நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதற்கு முன்பு இவர் கை வழியாகப் போனது. பழைய பாக்கியைக் கழித்துக்கொள்வது எளிதாக இருந்தது. இப்போது விவசாயி தானாகக் கொண்டுவந்து கட்டுகிறாரா என்றேன். சிரித்தார். "அடுத்த வருஷமும் அவர் இங்கேதானே வர வேண்டும்?"

மண்டிக்கு வெளியேயும் விற்கலாம் என்று திறந்துவிட்ட மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020இல் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்களே, அப்போது ஆர்த்தியாக்கள் தூண்டிவிட்ட போராட்டம் என்று ஒரு பேச்சு இருந்தது. அவர்களுக்கும் அக்கறை இருந்தது என்பது நிஜம்தான். ஆனால் இந்த மண்டியில் அரை நாள் நின்றால் விஷயம் வேறு விதமாகப் புரிகிறது. மாநிலம் முழுக்க 1,800க்கு மேற்பட்ட கொள்முதல் மையங்கள். எந்தக் கிராமத்திலிருந்தும் டிராக்டரில் எட்டும் தூரம். மண்டிக் கட்டணத்திலிருந்தும் ஊரக வளர்ச்சிக் கட்டணத்திலிருந்தும் போட்ட இணைப்புச் சாலைகள். இப்படி ஓர் ஏற்பாட்டை அறுபது ஆண்டு அனுபவித்தவனிடம் போய், இனி உனக்குச் சுதந்திரம், யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள் என்றால் அவன் ஏன் மகிழப் போகிறான்?

அந்தச் சுதந்திரத்தை ஏற்கெனவே பெற்றவர் ஒருவரையும் இங்கேயே சந்தித்தேன். மூட்டை தூக்கும் இளைஞர், பீகாரின் தர்பங்கா மாவட்டம். தோளில் சாக்குத் துணி, கண் இமையெல்லாம் தூசி. ஒவ்வொரு பருவத்துக்கும் ஊரிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். கூலி மூட்டைக் கணக்கு. ஊரில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, நெல் போடுகிறார். பீகார் தன் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தை 2006இலேயே ரத்து செய்துவிட்டது. அறுவடை முடிந்ததும் வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறார், சொன்ன விலைக்கு எடுத்துப் போகிறார். ஆதரவு விலையைவிட 400, 500 ரூபாய் குறைவாகவே எப்போதும் கிடைத்திருக்கிறது என்றார் இளைஞர். டெல்லி அறிவிக்கும் விலை தர்பங்காவுக்கும் கன்னாவுக்கும் ஒன்றுதான். வாங்க ஆள் வருவது கன்னாவுக்கு. அதனால் அப்பாவின் நெல் மலிவாகப் போகிறது, மகன் இங்கே வந்து இன்னொருவருடைய கோதுமையை முழு விலைக்கு ஏற்றிவிடுகிறார்.

பெண்கள் சிலர் குவியல்களின் ஓரத்தில் சிதறிய மணிகளைத் துடைப்பத்தால் கூட்டிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கலாமா என்று சைகையால் கேட்டேன். கூடாது என்று சைகையாலேயே பதில் வந்தது.

ஏப்ரல் 18, வழியில்

கன்னாவிலிருந்து சங்க்ரூர் போகும் வழியில் பட்சோன், நாபா. கம்பைன் அறுவடை இயந்திரங்கள் செய்யும் ஊர்கள். தேங்கிய மழைக்காலக் குளத்தில் எருமை நிற்பதுபோல் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. இங்கே செய்த இயந்திரங்கள் நாடு முழுக்கப் போகின்றன. அவற்றோடு ஓட்டுநர்களும் உதவியாளர்களும் மாநிலம் மாநிலமாக அறுவடையைத் தொடர்ந்து போகிறார்கள். வயலிலிருந்து தொழிற்சாலைக்கு ஏறும் படி என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்வதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பஞ்சாபில் இந்தப் படிக்கு மேல் அதிகப் படிகள் கட்டப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

பேருந்து நிலையத்து பரோட்டாவில் இட்ட வெண்ணெயின் அளவை வீட்டில் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 19, சங்க்ரூர் மாவட்டக் கிராமம்

நண்பருக்குத் தெரிந்த விவசாயி வீட்டில் தங்கினோம். ஊர் பேரும் அவர் பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சர்தார்ஜி என்றே வைத்துக்கொள்வோம். சொந்த நிலம் 6 ஏக்கர், குத்தகைக்கு எடுத்தது 10 ஏக்கர். மூத்த மகன் கனடாவில்.

வீட்டுக்குப் பின்னால் தாத்தா காலத்துக் கிணறு. காளைகள் சுற்றிச் சுற்றி நடந்து வாளிச் சக்கரத்தால் இறைத்தது. இப்போது குப்பை கிடக்கிறது. அதற்குப் பிறகு மேலே நின்று உறிஞ்சும் மோட்டார். தண்ணீர் இறங்க இறங்கக் குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். குழி ஆழமாகி, ஆள் இறங்கவே பயமான பிறகு நீர்மூழ்கி மோட்டார். அதையும் சில ஆண்டுக்கு ஒருமுறை இன்னும் ஆழத்துக்கு இறக்குகிறார். மின்சாரம் இலவசம், 1997 முதல். துளை போடுவது இலவசம் இல்லை, அதற்குத்தான் கடன். பஞ்சாபில் ஆண்டுதோறும் நிலத்துக்குள் ஊறுவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கிறார்கள்.

இவ்வளவு தண்ணீர் கோதுமைக்கு அல்ல. நெல்லுக்கு. 1960-61இல் பஞ்சாபில் நெல் பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்துக்கு மேல். சோறு இங்கே விருந்தாளி உணவு, வீட்டில் ரொட்டிதான். தங்கள் தட்டில் வைக்காத பயிரைத் தங்கள் நிலத்தடி நீரைக் கொட்டி வளர்த்து, தென்னாட்டிலிருந்து வடகிழக்கு வரை ரேஷன் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அரிசி தின்று வளர்ந்தவன் இதற்கு உபதேசம் செய்யக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நண்பர் மூடவில்லை. "இவ்வளவு தண்ணீர் போகிறதே, மக்காச்சோளம் போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

சர்தார்ஜி கோபப்படவில்லை. உள்ளே போய் மகள் படித்த பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். எல்லாக் கணக்கும் அதில் இருந்தது. நெல் ஏக்கருக்கு 30 குவிண்டால். போன பருவத்தில் விலை 2,320. ஆக 69,600. கோதுமை 20 குவிண்டால், 2,425 வீதம் 48,500. ஆண்டுக்கு ஏக்கருக்கு 1,18,100 ரூபாய் வரவு. குத்தகை 72,000. டீசல், உரம், மருந்து, நடவுக்கூலி, அறுவடை போக மிச்சம் பதினைந்தாயிரத்தைத் தொட்டால் நல்ல வருஷம். "சொந்த நிலத்தில் நான் விவசாயி. குத்தகை நிலத்தில் நிலக்காரருக்கு வேலையாள்" என்றார். மக்காச்சோளமும் போட்டுப் பார்த்திருக்கிறார். நன்றாக விளைந்தது. ஆதரவு விலை அதற்கும் உண்டு. மண்டியில் அந்த விலைக்கு வாங்கத்தான் ஆள் இல்லை. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். நோட்டில் அந்தப் பக்கத்தில் தொகையின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தது.

மத்திய அரசு இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. பஞ்சாபில் சாக்கோடு வந்து கடைசி மூட்டை வரை வாங்குவது நெல்லும் கோதுமையும்தான். 1986இலேயே வேளாண் பொருளாதார அறிஞர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு, இந்த இரண்டு பயிர்களிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நிலத்தையாவது மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது. அன்று முதல் இன்று வரை கருத்தரங்குகளில் பயிர் மாறிக்கொண்டே இருக்கிறது. சர்தார்ஜி முட்டாள் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. லாபத்துக்காக நெல் போடவில்லை, விற்றுவிடும் என்பதற்காகப் போடுகிறார். லூதியானா பெரியவர் சொன்ன அந்த மறு பாதியைப் பயறுக்கும் மக்காச்சோளத்துக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அவருக்கு அறிவுரை சொல்லலாம்.

வைக்கோல் எரிப்பையும் கேட்டேன். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் ஒரு சட்டம் வந்தது: ஜூனுக்கு முன்பே நடவு கூடாது. கோடையில் ஆவியாகும் தண்ணீர் மிச்சம். நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகிறது. அதிலும் பூசா 44 போன்ற நீண்டகால ரகம் என்றால் நெல்லை அறுத்துக் கோதுமையை விதைக்க ஓரிரு வாரம்தான் இடைவெளி. கம்பைன் விட்டுச் சென்ற தாளுக்குத் தீ வைப்பதைவிட மலிவான வழி கிடையாது. அந்தப் பருவத்தில் காற்றும் டெல்லிப் பக்கம் வீசுகிறது. தண்ணீருக்குப் போட்ட சட்டம் காற்றில் போய் இடிக்கிறது. பிஆர் 126 என்ற குறுகிய கால ரகத்துக்கு மாறிவிட்டதாகச் சர்தார்ஜி சொன்னார். அரிசி ஆலைக்காரர்கள் அதில் நொய் அதிகம் என்று முணுமுணுக்கிறார்களாம்.

மாலை கடைத்தெருவில் நடந்தோம். விதைக்கடை, உரக்கடை, டிராக்டர் ஷோரூம். இவற்றை எல்லாம் சேர்த்தாலும் ஐஇஎல்டிஎஸ் என்ற, வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளுக்கு ஈடாகாது. கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. கனடா மாணவர் அனுமதியைக் குறைத்த பிறகு சில பலகைகளில் ஜெர்மனி மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 20, நங்கல்

பக்ரா அணையைப் பார்க்காமல் திரும்பினால் பாதி பஞ்சாபைப் பார்க்காத கணக்கு. நங்கலிலிருந்து நேஹ்லா வழியாக அணைப் பக்கம் ஒரு ரயில் போகிறது. அணை கட்டிய காலத்தில் சிமெண்டும் ஆட்களும் ஏற்றிப் போக ஓடத் தொடங்கியது. இன்றும் டிக்கெட் இல்லை, பரிசோதகரும் இல்லை. மரப்பலகை இருக்கைகள். பள்ளிப் பிள்ளைகளும் பால்காரர்களும் சர்வசாதாரணமாக ஏறி இறங்குகிறார்கள்.

அணையின் உயரம் 226 மீட்டர். 1963 அக்டோபரில் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வேறு வர்ணனை எதற்கு? மெக்சிகோ விதை வந்து இறங்கியபோது அதற்கு ஊற்றத் தண்ணீரும் மின்சாரமும் தயாராக இருந்தன என்றால் அது இந்தச் சுவரால்தான்.

மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் ஹிமாசல மலைகள். 2003இல் மத்திய அரசு ஹிமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் தொழில் வரிச்சலுகை கொடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பத்தி என்ற ஊரில் மருந்துத் தொழிற்சாலைகள் குவிந்தன. பஞ்சாப் முதலாளிகளில் பலரும் மலை ஏறினார்கள். அதற்கு முன்பே 1980களின் வன்முறை ஆண்டுகள் முதலீட்டை விரட்டியிருந்தன. எல்லையோரம், துறைமுகத்துக்கு வெகு தூரம். ஒரு காலத்தில் தலா வருமானத்தில் முதலிடத்தில் இருந்த மாநிலம் இன்று ஹரியானா, தமிழ்நாடு, கர்நாடகம் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. நாட்டின் உழைப்பாளர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேர் விவசாயத்தில். வருமானத்தில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. அந்தக் கூட்டத்தை வேறு வேலைக்கு இழுக்கத் தொழில் வேண்டும். பஞ்சாபில் அந்த வேலை பத்தியிலும் கனடாவின் பிராம்ப்டனிலும் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் எதிரே அணை நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பேரன் பத்தியில் மாத்திரைக் கம்பெனியில். கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகைக்காரர் போடுவது நெல், கோதுமை. எங்கள் ஊரிலும் நெல் என்றதும் விலை கேட்டார். போன பருவத்தில் சன்னரகத்துக்கு 2,320க்கு மேல் மாநில அரசு 130 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,450 கொடுத்தது என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நூற்று முப்பது ரூபாய் கூடவா என்று பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லி, எங்கள் முதலமைச்சரிடம் கேட்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் எடுப்பீர்கள் என்றார். இருபது கண்டால் நல்ல விளைச்சல் என்றேன். மீண்டும் சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.